புரட்டாசியில் மாட்டுக்கறி பர்கர்: பொறுப்பு பெயர்ப்பலகைக்கா, கடைக்காரருக்கா?

கமலா, சாட்ஸ்வொர்த்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மனசு பொறுக்காமல் எழுதுகிறேன். சட்டம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் சைவம்தான். அதிலும் என் ஆயா மாட்டுக்கறியை வாழ்நாளில் வாயில் வைத்தவர் அல்ல. போன மாதம் ஒரு சனிக்கிழமை, பூசை முடிந்து வரும் வழியில், பெரிய டேக்அவே ஒன்றில் எல்லோருக்கும் வெஜ் பர்கர் வாங்கினோம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. டில் ஸ்லிப்பில் (பில் சீட்டில்) வெஜ் என்றுதான் இருக்கிறது, பெட்டியின் மேல் ஸ்டிக்கரிலும் வெஜ். ஆயா பாதி சாப்பிட்ட பிறகு ருசி வேறு மாதிரி இருக்கிறது என்றார். பிரித்துப் பார்த்தால் மாட்டுக்கறி பேட்டி (பர்கருக்குள் வைக்கும் வட்டத் துண்டு).

திரும்பப் போய்க் கேட்டோம். மேனேஜர் மன்னிப்புக் கேட்டார், வேறு பர்கரும் ஒரு வவுச்சரும் கொடுத்தார். வவுச்சரை வாங்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். வந்த பதில்: "அந்தக் கிளை தனிப்பட்ட உரிமையாளருடையது, அவரைத் தொடர்புகொள்ளுங்கள்." உரிமையாளரைக் கூப்பிட்டால், "பேட்டி, பெட்டி, ஸ்டிக்கர், வேலை முறை எல்லாம் கம்பெனி சொல்வதுதான், நான் என்ன செய்ய?" என்கிறார்.

ஆயா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. விரதம் கெட்டுவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அமெரிக்காவில் காப்பி கொட்டியதற்கே மில்லியன் கணக்கில் கொடுத்தார்கள் என்று என் தம்பி சொல்கிறான். எனக்குப் பணம் பெரிதில்லை. யாராவது ஒருவர் "இது எங்கள் பொறுப்பு" என்று எழுதித் தர வேண்டும். அதை யாரிடம் கேட்பது?

முத்து, மேரிட்ஸ்பர்க்

அம்மா, முதலில் அந்த டில் ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து வை. வெப்பத்தாளில் அச்சானது சில மாதத்தில் வெளுத்துவிடும். பெட்டி, ஸ்டிக்கர் எதையும் எறியாதே.

குணா, பைன்டவுன்

கமலா அக்கா, நான் அட்டர்னி (வழக்கறிஞர்) அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் விஷயத்தை ஒரு அட்டர்னி நேரில் பார்ப்பது நல்லது.

அந்தக் காப்பி வழக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தப்பும் தவறுமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1992இல் நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கியில் நடந்தது. ஸ்டெல்லா லீபெக், 79 வயது. நின்றிருந்த காரில், பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். காப்பி மடியில் கொட்டி மூன்றாம் நிலைத் தீக்காயம். தோல் ஒட்டுச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அவர் கேட்டது 20,000 டாலர். மெக்டொனால்ட்ஸ் தர முன்வந்தது 800. விசாரணையில் வெளியே வந்த விஷயம் என்னவென்றால், அதற்கு முன் பத்து ஆண்டுகளில் 700க்கு மேற்பட்ட புகார்கள் நிறுவனத்தின் கையில் இருந்தன. காப்பியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருந்தார்கள். 1994இல் ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) 27 லட்சம் டாலர் தண்டனை இழப்பீடு, அதாவது நஷ்டத்துக்கு மேல் தண்டனையாகத் தரும் தொகை, போட்டது உண்மை. ஆனால் நீதிபதி அதை 4,80,000 ஆகக் குறைத்தார். மொத்தம் 6,40,000. கடைசியில் இரு தரப்பும் தொகையை வெளியே சொல்லாமல் சமரசம் செய்துகொண்டார்கள்.

அந்த வழி இங்கே இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஜூரி 1969இலேயே ஒழிந்தது. தண்டனை இழப்பீடு என்ற பழக்கமும் நம் சட்டத்தில் கிடையாது. உங்களுக்கு உண்மையில் ஆன நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான்.

ஆனால் நம்மிடம் வேறு ஒன்று இருக்கிறது: 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 61ஆம் பிரிவு, பழுதான அல்லது ஆபத்தான பொருளால் தீங்கு வந்தால், தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இதைவிட முக்கியம், "தயாரிப்பாளர்" என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கம். ஒரு பொருளின் மேல் தன் பெயரையோ வணிகச் சின்னத்தையோ போட்டு, "இதைத் தயாரித்தது நான்தான்" என்று வாங்குகிறவர் நியாயமாக நம்பும்படி செய்தவரும் தயாரிப்பாளரே. தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

சிக்கலும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். 61ஆம் பிரிவில் தீங்கு என்பது சாவு, காயம், நோய், சொத்துச் சேதம், இவற்றால் வரும் பண நஷ்டம். ஆயாவின் மனவேதனை அந்தப் பட்டியலில் இல்லை. மானநஷ்டம் மாதிரி பொதுச் சட்டத்தில் போகலாம் என்றால், அங்கே வேண்டுமென்றே செய்தார்கள் என்று காட்ட வேண்டும். சமையலறைத் தவறு அதற்குப் போதாது. ஆகவே உங்கள் பலம் 41ஆம் பிரிவிலும் 55ஆம் பிரிவிலும் இருக்கிறது. தவறான தகவல் சொல்லி விற்கக் கூடாது, சொன்ன நோக்கத்துக்குப் பொருந்தும் பொருளைத்தான் தர வேண்டும். வெஜ் என்று எழுதிவிட்டு மாட்டுக்கறி கொடுப்பதைவிடத் தெளிவான மீறல் என்ன இருக்கிறது?

தேவி, வெருளம்

கமலா, படித்ததும் வயிறு எரிந்தது. எங்கள் கோயிலிலும் போன வருடம் ஒரு குடும்பம் இதே மாதிரி சொன்னார்கள். ஆனால் யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை.

பணம் இல்லாமலும் இப்படிப்பட்ட வழக்கு அர்த்தமுள்ளதுதான் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 1990இல் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று அறிவித்தது. இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் நம்பி வறுவல் சாப்பிட்டார்கள். ஆனால் கடைக்கு வரும் முன்பே அந்த வறுவலில் மாட்டிறைச்சிச் சுவைச்சாறு சேர்க்கப்பட்டிருந்தது. 2001இல் சியாட்டில் வழக்கறிஞர் ஹரிஷ் பார்த்தி வழக்குப் போட்டார். 2002இல் நிறுவனம் ஒரு கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. அதில் பெரும்பகுதி தனிப்பட்டவர் கைக்குப் போகவில்லை, சைவ உணவு அமைப்புகளுக்கும் இந்து, சீக்கிய அமைப்புகளுக்கும் மற்றவர்களுக்கும் போனது. வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்கள். கமலா கேட்பதும் அதுதானே?

இன்னொன்றும் உண்டு. பெரிய நிறுவனம் அல்ல, நியூ ஜெர்சியில் ஓர் இந்திய உணவகம். சைவச் சமோசா என்று உறுதி கேட்டு வாங்கியவர்களுக்கு இறைச்சிச் சமோசா கொடுத்துவிட்டார்கள். பிராயச்சித்தத்துக்குக் கங்கைக்குப் போய்வரும் செலவைக் கேட்டு வழக்கு. சிரிக்கத்தக்க கோரிக்கை என்று பலர் எழுதினார்கள். ஆனால் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடைக்காரர் வாயால் கொடுத்த உறுதியை மீறினார் என்ற அடிப்படையில் அந்த வழக்கை மேலே நடத்தலாம் என்று சொல்லிவிட்டது. நம் நம்பிக்கைக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே, அது எனக்குப் பெரிய விஷயம்.

ராஜு, டோங்காட்

எல்லோரும் உரிமையாளரைத் திட்டும் முன் என் பக்கத்தையும் கேளுங்கள். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு பிராண்டின் கடையை எடுத்து நடத்தியவன். எந்த பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை.

வெளியே நிற்பவர்களுக்கு நாங்கள் முதலாளி. உள்ளே என்ன நடக்கிறது? ராயல்டி, அதாவது பிராண்ட் பெயருக்காகக் கட்டும் பங்கு, போவது விற்பனையின் மேல், லாபத்தின் மேல் அல்ல. கடை நஷ்டத்தில் ஓடினாலும் அது போயாக வேண்டும். அதற்கு மேல் விளம்பர நிதிக்கு ஒரு பங்கு. கோழி, பன், சாஸ், காகிதக் கப் வரை அவர்கள் சொல்லும் இடத்தில்தான் வாங்க வேண்டும். மாலில் இருக்கும் இடத்தின் வாடகை ஒப்பந்தமே சில சமயம் அவர்கள் பெயரில் இருக்கும். நான் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினால் கடையும் போச்சு. சில ஆண்டுக்கு ஒருமுறை உள் அலங்காரத்தை மாற்றச் சொல்வார்கள், அந்தச் செலவும் நம்முடையது. வங்கிக் கடனுக்கு நானும் என் மனைவியும் சொந்த ஷூரிட்டி (ஜாமீன்) கையெழுத்துப் போட்டோம். பெயர்ப்பலகை அவர்களுடையது, கடன் மட்டும் என்னுடையது. கடையை மூடிய பிறகும் வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்படி இருக்க, வாடிக்கையாளர் புகார் வந்தால் தலைமை அலுவலகம் "அது தனி உரிமையாளர்" என்கிறது. அதே தலைமை அலுவலகத்தின் ஆய்வாளர் திடீரென்று வந்து ஃப்ரிட்ஜின் வெப்பநிலை, பணியாளர் தொப்பி, தரையின் ஈரம் எல்லாவற்றுக்கும் மார்க் போடுவார். தினசரி ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்துகிறவர் தவறு நடந்த நாளில் மட்டும் எப்படி வெளியாள் ஆகிறார்?

இங்கே இளைஞர்கள் நிறையப் பேர் பிராண்ட் கடை எடுக்கக் கனவு காண்கிறார்கள். அவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். குணா சொன்ன அதே சட்டம் ஃப்ரான்சைஸ் (பிராண்ட் பெயரில் கடை நடத்தும் உரிமம்) எடுப்பவரையும் நுகர்வோராகவே பார்க்கிறது, தொகை எவ்வளவு பெரிதானாலும். கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாளைக்கு முன்பே வெளிப்படுத்தல் ஆவணம் தர வேண்டும். அதில் எத்தனை கடைகள் இருக்கின்றன, கணக்கு வழக்கு எப்படி, இப்போது கடை நடத்துகிறவர்கள் யார் என்ற விவரம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு 10 வேலை நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால் அபராதம் இல்லாமல் விலகலாம். இந்த இரண்டையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆவணத்தில் உள்ளவர்களுக்கு போன் போட்டு, "திரும்ப எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். வங்கி மேனேஜர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கும்.

சரோ, பீனிக்ஸ்

ராஜு அண்ணா சொன்னது சரி. ஆனால் அந்தப் பர்கரைக் கட்டிய பொண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அந்த வரிசையில் நின்று வேலை செய்தவள்.

சனிக்கிழமை மாலை, திரையில் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நொடி எண்ணும் கடிகாரம். நான்கு பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். வெஜ் பேட்டிக்குத் தனிக் கரண்டி என்று சுவரில் ஒட்டியிருக்கும். அந்தக் கரண்டியைக் கழுவ ஆள் இருக்காது. வேகத்தைக் கம்பெனி வைக்கிறது, ஆள் எண்ணிக்கையை உரிமையாளர் குறைக்கிறார், நடுவில் மாட்டுவது பிள்ளைகள். புகார் பெரிதானால் முதலில் வேலை போவது அந்தப் பொண்ணுக்குத்தான்.

தேசியக் குறைந்தபட்சக் கூலி 2019 ஜனவரியில் மணிக்கு 20 ரான்டில் ஆரம்பித்தது, 2025 மார்ச்சில் 28.79 ஆனது. அதைக்கூடப் பயிற்சிக் காலம் என்று சொல்லிக் குறைக்கிற கடைகள் உண்டு. வேலையை விட்டு அநியாயமாக நிறுத்தினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் (தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பில்) புகார் கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை. பலருக்கு அந்தக் கெடு தெரியாமலே தாண்டிப் போய்விடுகிறது.

யார் முதலாளி என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரல் முதல் துரித உணவுக் கடை ஊழியருக்கு மணிக்கு 20 டாலர் என்று சட்டம் வந்தது. யாருக்குப் பொருந்தும்? நாடு முழுக்க 60 கடைக்கு மேல் உள்ள பிராண்டுகளுக்கு. ஒவ்வொரு கடையும் தனி உரிமையாளருடையது என்று சொல்லித் தப்ப முடியாது, பெயரைத்தான் எண்ணுகிறார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ராஜு, டோங்காட்

சரோ, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் கூலியை யார் கொடுப்பார்? ராயல்டியைக் குறைக்காமல் கூலியை மட்டும் உயர்த்தினால் என்னைப் போன்றவன்தான் மூட வேண்டியிருக்கும்.

சரோ, பீனிக்ஸ்

அப்படியானால் ராயல்டியைக் குறைக்கச் சொல்லி நீங்களும் எங்களோடு நில்லுங்கள் அண்ணா.

முத்து, மேரிட்ஸ்பர்க்

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் பழைய விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வாத்தியாராக இருந்த காலத்தில் நாளிதழில் தொடர்ந்து படித்த வழக்கு.

மெக்டொனால்ட்ஸ் தன் பெயரை 1968 முதல் இங்கே பதிவு செய்து வைத்திருந்தது. ஆனால் கடை ஒன்றும் திறக்கவில்லை, நிறவெறிக் காலத்துப் பொருளாதாரத் தடைகள் இருந்தன. பயன்படுத்தாத பெயரை நீக்க வேண்டும் என்று ஜோபர்கர்ஸ் என்ற நிறுவனம் கேட்டது. டர்பனில் அதே ஓசையுள்ள பெயரில் நடந்த கடை சம்பந்தப்பட்ட டாக்ஸ் ப்ராப் என்ற நிறுவனமும் வழக்கில் இருந்தது. 1995இல் கீழ் நீதிமன்றத்தில் மெக்டொனால்ட்ஸ் தோற்றது. அந்தப் பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்று காட்ட அவர்கள் எடுத்த கணக்கெடுப்பு வசதியான வெள்ளையர் வாழும் பகுதிகளில் எடுத்தது. நாட்டின் பெரும்பான்மை மக்களைக் கேட்கவே இல்லை. அதை நீதிபதி சுட்டிக்காட்டினார்.

1996இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 1993ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, நன்கு அறியப்பட்ட வெளிநாட்டுச் சின்னத்துக்கு இங்கே வியாபாரமே இல்லாவிட்டாலும் பாதுகாப்புக் கொடுக்கிறது. நாடு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்தப் பொருளில் அக்கறையுள்ள கணிசமான பேருக்குத் தெரிந்தால் போதும் என்றார்கள். பல நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

என் கேள்வி நேரானது. இங்கே ஒரு பர்கர்கூட விற்காத காலத்திலும் "இந்தப் பெயர் என்னுடையது, வேறு யாரும் தொடக்கூடாது" என்று ஒரு நிறுவனம் உச்ச நிலை வரை போய் வெல்லலாம் என்றால், அதே மாதிரிப் பெயரை நம்பி வாங்கிய கிழவிக்குத் தவறு நேர்ந்தால் "பெயர் மட்டும்தான் எங்களுடையது" என்று எப்படிச் சொல்கிறார்கள்? பெயரின் லாபம் ஒருவருக்கு, பழி வேறொருவருக்கு என்பதை நான் ஏற்க மாட்டேன்.

குணா, பைன்டவுன்

முத்து ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு பாதை. சின்னத்தின் உரிமை என்பது மற்றவரை விலக்கும் உரிமை. அதனால் மட்டும் கடையில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு வந்துவிடாது. பொறுப்பு வருவது நுகர்வோர் சட்டம் வழியாக, நான் சொன்ன அந்த "தயாரிப்பாளர்" விளக்கம் வழியாக. அதையும் நிறுவனங்கள் எதிர்த்து வாதாடும். பேட்டி தொழிற்சாலையிலிருந்து சரியாகத்தான் வந்தது, கடையில்தான் மாறியது என்பார்கள்.

பெரிய பெயர் எப்போதும் ஜெயிக்கும் என்றும் இல்லை. சிக்கன் லிக்கன் "சோல்" என்ற தன் சின்னத்தை வைத்துக்கொண்டு, "சோல் சுவ்லாக்கி" என்று கிரேக்க உணவு விற்ற சிறிய வியாபாரியை எதிர்த்தது. 2022 நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. ஐரோப்பாவில் அயர்லாந்தின் சூப்பர்மேக்ஸ் பல வருடம் விடாமல் போராடி, 2024 ஜூனில் கோழி பர்கருக்கு "பிக் மேக்" என்ற பெயரின் தனியுரிமையை மெக்டொனால்ட்ஸிடமிருந்து எடுத்தது. விடாமல் நின்ற சிறியவர்கள் ஜெயித்திருக்கிறார்கள்.

நேசன், கேப்டவுன்

யார் பொறுப்பு என்று கேட்கிறீர்கள், யாருடையது என்று கேட்டாலே தலை சுற்றும். மெக்டொனால்ட்ஸின் தென்னாப்பிரிக்க உரிமத்தை 2011இல் 20 ஆண்டுக்கு எடுத்தவர் சிரில் ராமபோசா, இன்றைய ஜனாதிபதி. அவர் அரசுப் பதவிக்குப் போன பிறகு அது கத்தாரைச் சேர்ந்த குழுமத்துக்குப் போனது. ஆக அமெரிக்கக் கம்பெனி, அதற்குக் கீழே நாட்டு உரிமம் எடுத்தவர், அதற்கும் கீழே கடை உரிமையாளர். கமலா அக்கா வாங்கிய பிராண்ட் எதுவோ தெரியாது, ஆனால் பல பிராண்டுகளில் அமைப்பு இதுதான்.

இங்கே எங்கள் ஊரில் 2013இல் முதல் பர்கர் கிங் திறந்தபோது நானும் வரிசையில் நின்றேன். 2021இல் அதன் உள்நாட்டு வணிகத்தையும் பேட்டி செய்யும் ஆலையையும் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிதி வாங்க வந்தது. போட்டி ஆணையம் தடுத்துவிட்டது. வியாபாரப் போட்டி குறையும் என்பதற்காக அல்ல. முன்பு ஒடுக்கப்பட்டவர்களின் பங்கு 68 விழுக்காட்டிலிருந்து பூஜ்யத்துக்குப் போகும் என்பதற்காக. பொதுநலக் காரணத்துக்காக மட்டும் ஒரு விற்பனையை ஆணையம் தடுத்தது அதுவே முதல் தடவை. பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பாயம் நிபந்தனைகளோடு அனுமதித்தது: ஊழியர்களுக்கு 5 விழுக்காடு பங்கு, புதுக் கடைகளுக்கு 50 கோடி ரான்ட், குறைந்தது 1,250 புது வேலை. எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் அரசு கேட்டால் இந்த நிறுவனங்கள் இறங்கி வரும். கேட்காத இடத்தில் வராது.

ஆப்பில் ஆர்டர் செய்கிறவர்களுக்கு ஒன்று. 2023 ஜூலையில் ஆணையம் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. உபர் ஈட்ஸ், மிஸ்டர் டி என்ற உணவு டெலிவரி ஆப்கள், ஆப்பில் காட்டும் விலை கடை விலையிலிருந்து வேறாக இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரிய பிராண்டுகள் தங்கள் கடைக்காரர்களை உள்ளூர் டெலிவரி நிறுவனங்களோடு சேரவிடாமல் தடுப்பதும் தவறு என்றது.

ராஜு, டோங்காட்

அந்தக் கடைசி விஷயம் எனக்கு வேண்டியதாக இருந்தது. எங்கள் ஊரில் பையன்கள் ஒரு சின்ன டெலிவரி ஆப் ஆரம்பித்தார்கள், என்னைச் சேர அனுமதிக்கவில்லை. அவர்கள் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

தேவி, வெருளம்

எங்கள் கோயில் கமிட்டியில் இதைப் பேசினேன். இன்னும் சில குடும்பங்கள் இதே மாதிரி அனுபவம் சொல்கிறார்கள், வெவ்வேறு கடைகளில். எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்காகப் போட முடியாதா, குணா? கெட்டுப்போன பொலோனியால் (பதப்படுத்திய இறைச்சி) பரவிய லிஸ்டீரியோசிஸ் நோய்க்குப் போட்டார்களே.

குணா, பைன்டவுன்

கூட்டு வழக்கு இங்கே முடியும், தேவி அக்கா. அதற்கான வழியைத் திறந்தது ரொட்டி விலை வழக்கு. ரொட்டிக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததற்காக, 2012இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கூட்டு வழக்குக்கு விதிகளை வகுத்தது. முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்க வேண்டும்.

லிஸ்டீரியோசிஸ் வேறு அளவு. 2017, 2018இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், இருநூறுக்கு மேல் இறந்தார்கள். டைகர் பிராண்ட்ஸின் பொலோக்வானே ஆலைப் பொலோனியோடு நோய்க்கிருமி பொருந்தியது. 2018 டிசம்பரில் கூட்டு வழக்குக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சில குடும்பங்களுக்குச் சமரசத் தொகை முன்வைக்கப்பட்டதே 2025இல்தான். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் அத்தனை வருடம் காத்திருந்தார்கள்.

உங்கள் விஷயத்தில் வெவ்வேறு கடை, வெவ்வேறு பிராண்ட், வெவ்வேறு நாள். ஒரே வழக்காக நிற்காது. ஆனால் எழுத்துப் புகாரைத் தனித்தனியாகக் கொடுங்கள். லீபெக் வழக்கில் ஜூரியின் மனத்தைத் திருப்பியது அந்த 700 புகார்கள்தான். "எங்களுக்குத் தெரியாது" என்று நிறுவனம் சொல்ல முடியாமல் போனது.

கமலா, சாட்ஸ்வொர்த்

எல்லோரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். கங்கை விஷயத்தை இரண்டு தடவை கேட்டார்.

குணா, கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது? கடை வாசலில் பிராண்ட் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

குணா, பைன்டவுன்

டில் ஸ்லிப்பைப் பாருங்கள் அக்கா. 26ஆம் பிரிவின்படி விற்பனைச் சீட்டில் விற்றவரின் முழுப் பெயரோ பதிவு செய்த வணிகப் பெயரோ இருந்தாக வேண்டும், வாட் எண் இருந்தால் அதுவும் வேண்டும். அதுதான் உங்கள் கடைக்காரர். கடிதம் இரண்டு பேருக்கும், ஒரே நாளில், ஒருவருக்கு அனுப்பிய விவரம் மற்றவருக்குத் தெரியும்படி.

நடந்ததை நாள், நேரம், கிளை, தொகையோடு எழுதுங்கள். கோபம் வேண்டாம், விவரம் போதும். 41, 55 பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதில் "தயாரிப்பாளர்" விளக்கத்தைச் சேர்த்து, அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலையும் இணையுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: எழுத்தில் மன்னிப்பு, வாங்கிய பணம், சைவ உணவுக்கு என்ன முறை வைத்திருக்கிறார்கள் என்ற விளக்கம். பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஒம்புட்டிடம் (புகார்களைத் தீர்க்கும் நடுநிலை அமைப்பு) போகலாம், இலவசம். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் ஆணையம்.

பணமும் கேட்க வேண்டும் என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ரான்ட் வரை, வழக்கறிஞர் யாருக்கும் அனுமதி இல்லை. கம்பெனி அங்கே உங்கள் மேல் வழக்குப் போட முடியாது, நீங்கள் கம்பெனி மேல் போடலாம். மருத்துவரிடம் ஆயாவைக் கூட்டிப் போயிருந்தால் அந்த ரசீதும் முக்கியம்.

எதெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர்களுக்கும் ஒரு பிரதி. இந்தத் தடவை மாறியது விரதம் கெடுத்தது, அடுத்த தடவை மாறுவது முட்டையோ பாலோ ஆக இருந்தால் ஒவ்வாமை உள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆய்வாளர்கள் அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்.

சரோ, பீனிக்ஸ்

கமலா அக்கா, ஒரு வேண்டுகோள். இதற்காக எந்த ஊழியரையும் நீக்கக் கூடாது, பயிற்சியும் ஆளும் கூட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பீர்களா?

ராஜு, டோங்காட்

இன்னொரு வரியும். பிராண்டின் செயல்முறைக் கையேட்டில் சைவ உணவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தலைமை அலுவலகத்திடம் கேளுங்கள். தனி அடுப்பு, தனிக் கரண்டி என்று எழுதியிருந்தால் கடைக்காரர் மீறியிருக்கிறார். ஒன்றுமே எழுதவில்லை என்றால் வெஜ் என்று விற்றதே அவர்கள் தவறு. எது என்றாலும் ஒருவர் கையில் பொறுப்பு வந்து நிற்கும்.

கமலா, சாட்ஸ்வொர்த்

இரண்டையும் சேர்த்துவிட்டேன். கடையின் பதிவுப் பெயர் ஸ்லிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. என் தம்பி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் இரண்டு பேருக்கும் போகும். தேவி அக்கா, உங்கள் கோயில் குடும்பங்களுக்கும் இதே கடிதத்தை அனுப்பி வைக்கிறேன், அவர்கள் கடை, நாள், தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

தேவி, வெருளம்

அனுப்பு கமலா. ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மேசை போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறோம். ஸ்லிப் இல்லாதவர்கள் வங்கி அட்டைக் கணக்கை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.